அடியில் தங்கியது

பிப்ரவரி 11

அண்ணா,

இதைப் போனில் சொல்ல மூன்று தடவை முயன்றேன். முதல் தடவை நீ கத்தினாய். இரண்டாவது தடவை நான் கத்தினேன். மூன்றாவது தடவை அண்ணி எடுத்து, "அண்ணனும் தங்கச்சியும் பேசினது போதும். எதுவா இருந்தாலும் எழுதி அனுப்பிக்கோங்க, எனக்குத் தலை வலிக்குது" என்று சொல்லி வைத்துவிட்டார். யோசித்துப் பார்த்தால் நல்ல யோசனைதான். இனிமேல் நீ எண்ணெய்ப் பாட்டிலோடு கடிதத்தை வை, நான் சோதனை முடிவோடு கடிதத்தை வைக்கிறேன்.

விஷயம் இதுதான். நீ அனுப்பிய இரண்டாவது பாட்டில் ஓம எண்ணெய் தேறவில்லை.

டிசம்பரில் வந்த முதல் பாட்டில் எப்படி இருந்தது என்று உனக்கே தெரியும். உன் எண்ணெயைக் கம்பெனி கேட்ட அளவுக்கு நீர்க்க வைத்து, அதில் ஒரு சின்னக் காகித வில்லையை நனைத்து, கிருமியைப் பரப்பிய தட்டின் நடுவில் வைத்தோம். மறுநாள் பார்த்தால் வில்லையைச் சுற்றி முப்பது மில்லிமீட்டருக்கு ஒரு கிருமி இல்லை, வெறும் வட்டம். எங்கள் ஆய்வுக்கூட மேலாளரே நாற்காலியை விட்டு எழுந்து வந்து பார்த்தார். அவர் எழுந்து வருவது அபூர்வம். அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் வாய் கொப்பளிக்கும் மருந்து செய்கிற கம்பெனி உன் வீட்டு வாசலுக்கு வந்தது. இந்த முறையும் அதே கிருமி, அதே தட்டு, அதே அளவு. வட்டம் பதினாலு. இதற்குப் பேசாமல் வெந்நீரில் கொப்பளித்துவிட்டுப் போகலாம்.

என்ன மாற்றினாய்? விதையை வேறு ஆளிடம் வாங்கினாயா? பழைய விதையா? இடித்து வைத்து நாளாகிவிட்டதா? நீராவியை அளவுக்கு மீறி விட்டாயா? எண்ணெயை வெயிலில் வைத்தாயா? பிளாஸ்டிக் கேனில் ஊற்றி வைத்தாயா? ஒவ்வொன்றுக்கும் பதில் எழுது. "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று ஒரே வரியில் எழுதாதே. நீ அப்படி எழுதுவாய் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

இன்னொன்று. எங்கள் ஆபீஸ் நம்பருக்குப் போன் செய்து வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம், "என் தங்கச்சி வேலை செய்யுதா, தூங்குதா?" என்று கேட்பதை நிறுத்து. அந்தப் பெண் அதை மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் நடித்துக் காட்டினாள். நீ என் அண்ணன் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் உன் தட்டுகளை நான் அளப்பதில்லை, பக்கத்து மேஜைக்காரி அளக்கிறாள். அவள் கறார்.

மார்ச் முடிவதற்குள் எண்ணெய் தேறினால் நீ வீட்டில் இருப்பாய், தேறாவிட்டால் மறுபடியும் கப்பல் ஏற வேண்டும். அது எனக்கும் தெரியும். தினமும் நினைவுபடுத்த வேண்டாம்.

தங்கை


பிப்ரவரி 17

டாக்டரம்மாவுக்கு,

உனக்கு டாக்டர் பட்டம் இல்லை என்று சொல்வாய். இல்லாமலே இவ்வளவு அதட்டல். இருந்திருந்தால் நாங்கள் எல்லாம் ஊரை விட்டே ஓடியிருப்போம்.

உன் கேள்விகளுக்குப் பதில். அதே விதை, அதே ஆள், அன்றன்றைக்கு இடித்தது. நீராவி அளவோடுதான். வெயில் இல்லை, பிளாஸ்டிக் இல்லை. எல்லாம் சரியாத்தான் இருக்கு. எழுதாதே என்றாய், எழுதிவிட்டேன். பதினோரு வருஷம் கப்பலின் அடிவயிற்றில் பாய்லரைக் கட்டி மேய்த்தவன் நான். நீராவியைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதே.

மாற்றம் என்று பார்த்தால் நல்ல மாற்றம்தான். டிசம்பர் பாட்டில் அவசரத்தில் செய்தது. அதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. இப்போது வருவது தங்கம். கம்பெனியின் கொள்முதல் அதிகாரி போன வாரம் வந்திருந்தார். எந்தப் பாட்டிலைக் கொடுத்தாலும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். உன் அண்ணி அவருக்கு 'வெளிச்சக்காரர்' என்று பெயரே வைத்துவிட்டாள். அந்த மனிதர் இதைப் பார்த்துவிட்டு, "எண்ணெய்னா இப்படி இருக்கணும் சார், தூசு தும்பு இல்லாம" என்று மெச்சிவிட்டுப் போனார். அப்படிப்பட்ட எண்ணெய் உன் தட்டில் தேறவில்லை என்றால் கோளாறு எண்ணெயில் இல்லை. போன தடவை உன் கிருமிகள் நோஞ்சானாக இருந்திருக்கும். இந்தத் தடவை நன்றாகச் சாப்பிட்டுத் தெம்பாக வந்திருக்கும். அவற்றைக் கூப்பிட்டு விசாரி.

நான் ஏதோ பொழுது போகாமல் கொல்லைப்புறத்தில் ஓமம் காய்ச்சிக்கொண்டிருப்பதுபோல எழுதுகிறாய். போன வருஷம் கப்பலிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தபோது குட்டிக்கு நாலு வயது. போனில் என் முகம் தெரிந்தால் ஓயாமல் பேசுகிற பிள்ளை, நேரில் என்னைப் பார்த்ததும் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அன்று சாயங்காலம் நான் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன், என் எதிரிலேயே நின்றுகொண்டு, "அப்பாகிட்ட பேசணும், போன் குடு" என்று அவள் அம்மாவிடம் அழுகிறாள். உன் அண்ணி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு எழுந்து வெளியே போனேன். அன்றைக்கு எடுத்த முடிவுதான் இந்த எண்ணெய்.

கப்பல் ஏஜென்சிக்காரர் வாரா வாரம் போன் செய்கிறார். இரண்டாம் இன்ஜினியர் வேலை காலியாக இருக்கிறதாம். மார்ச் கடைசி வரை பொறுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மூன்றாவது பாட்டில் இத்துடன் வருகிறது. இது இரண்டாவதைவிடச் சுத்தம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சோதி.

அண்ணன்


பிப்ரவரி 27

அண்ணா,

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் பார்த்தேன். வட்டம் ஒன்பது. காகித வில்லையே ஆறு மில்லிமீட்டர். அதாவது உன் எண்ணெயைப் பார்த்துக் கிருமிகள் மரியாதைக்குக் கொஞ்சம் தள்ளி நின்றிருக்கின்றன, அவ்வளவுதான். பாட்டில் என்னவோ முன்னைவிடப் பளபளப்பு. மேலாளர் அதைக் கையில் எடுத்து, "உங்க அண்ணன் சென்ட் அனுப்பியிருக்காரா?" என்று கேட்டார்.  

நீ சொன்னபடி கிருமிகளையும் விசாரித்தேன். டிசம்பர் பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதே நாளில், அதே கிருமிக்கு அதையும் வைத்துப் பார்த்தேன். வட்டம் முப்பது. ஆகவே கிருமிகள் மேல் பழி போடாதே. அவை ஒழுங்காகத்தான் சாகின்றன.

அடுத்து, எண்ணெயில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பிரித்துக் காட்டும் இயந்திரத்தில் மூன்று பாட்டிலையும் ஓட்டினேன். ஓமத்தை மென்றால் நாக்கில் சுருக்கென்று ஒரு காரம் ஏறுமே, அது தைமால் என்கிற ஒரு பொருளின் வேலை. கிருமியைக் கொல்வதும் பெரும்பாலும் அதுதான். கிருமியின் மேல்தோலைப் பொத்தலாக்கிவிடும், உள்ளே இருப்பது ஒழுகிப்போய்க் கிருமி சாகும். டிசம்பர் பாட்டிலில் பாதிக்கு மேல் தைமால். இரண்டாவதில் முப்பது சதவீதம்கூட இல்லை. மூன்றாவதில் இருபதுக்கும் கீழே. அது காலி செய்த இடத்தில் சைமீன், டெர்ப்பினீன் என்று இரண்டு ஆசாமிகள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களும் ஓமத்துக்காரர்கள்தான், ஆனால் அவர்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் பெரிதாகச் செய்ய முடியாது. வேறு சில மலிவான எண்ணெய்களிலும் அவர்கள் உண்டு.

அதனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் படி. அளவு கூடட்டும் என்று எதையாவது கலந்தாயா? நீயாகச் செய்யாவிட்டாலும் யாராவது யோசனை சொன்னார்களா? நான் கேட்காவிட்டால் கம்பெனி கேட்கும். கம்பெனி கேட்டால் அதோடு முடிந்தது. அதற்குத்தான் முந்திக்கொள்கிறேன்.

தங்கை


மார்ச் 4

தங்கச்சி,

கோபப்படாமல் படி என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே என்னைத் திருடன் என்கிறாய். நன்றாக இருக்கிறது.

ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நான் கலக்கவில்லை. கலக்கிற புத்தி இருந்தால் இப்படிக் காலையிலிருந்து சாயங்காலம் வரை பாய்லர் பக்கத்தில் வெந்துகொண்டிருக்க மாட்டேன். குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுகிற எண்ணெயைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலப் பார்த்துப் பார்த்து எடுக்கிறேன். ஒவ்வொரு பாட்டிலும் முந்தினதைவிட மேல். நான் மேலே மேலே போகப் போக உன் வட்டம் கீழே கீழே போகிறது. இதில் என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. உனக்கும் புரியவில்லை, ஆனால் நீ ஒப்புக்கொள்ள மாட்டாய்.

வெளிச்சக்காரர் போன் செய்தார். புதிய அறிக்கை எப்போது வரும் என்று கேட்டார். அடுத்த வாரம் என்று சொல்லிவிட்டேன். அதனால் நேராகவே கேட்கிறேன். டிசம்பர் அறிக்கை உன்னிடம் இருக்கிறது. அதையே தேதி மாற்றி அனுப்பு. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். அந்த எண்ணெயும் நான் செய்ததுதானே? ஏப்ரலில் புது விதை வந்துவிடும், கோளாறு எங்கே இருந்தாலும் அதற்குள் சரிசெய்துவிடுவேன். வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்புகிற சமாச்சாரம். துப்பப் போவதற்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? யாரும் செத்துப்போக மாட்டார்கள்.

இத்தனை வருஷத்தில் உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை.

அண்ணன்


மார்ச் 8

அண்ணா,

போட மாட்டேன்.

யாரும் செத்துப்போக மாட்டார்கள் என்கிறாய். அந்த மருந்தை யார் வாங்குவார்கள் என்று நினைத்துப் பார்த்தாயா? பல் பிடுங்கிவிட்டு வந்தவர்கள், ஈறு வீங்கினவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு வாயெல்லாம் புண்ணாகித் தண்ணீர் குடிக்கவே முடியாதவர்கள். புட்டியில் எழுதியிருப்பதை நம்பிக் கொப்பளித்துவிட்டு, கிருமி செத்துவிட்டது என்று நிம்மதியாகப் படுப்பார்கள். அது சாகாது என்று எனக்குத் தெரியும். இப்போது உனக்கும் தெரியும்.

நீ எதுவும் கேட்டதில்லை என்பது உண்மை. என் படிப்புக்குக் கப்பலிலிருந்து நீ அனுப்பியதை நான் மறக்கவில்லை. அதனால்தான் முடியாது என்ற ஒரு வார்த்தையை எழுத இத்தனை தாள் கிழித்தேன். என் மேஜைக்குக் கீழே இருக்கும் குப்பைக்கூடையைப் பார்த்தால் நம்புவாய்.

நீ எதையும் கலக்கவில்லை என்று நம்புகிறேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, தப்புதான். ஆனால் நான் நம்புவதால் தட்டில் வட்டம் பெரிதாகாது. ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப மண்டையைக் குடைகிறது. விதையில் தைமால் இருக்கிறது, நீராவியில் ஏறி வருகிறது, பாட்டிலில் மட்டும் இல்லை. நடுவில் எங்கேயோ போகிறது. எங்கே போகிறது என்று நீதான் சொல்ல வேண்டும். நீ எண்ணெய் காய்ச்சுகிற கொட்டகையில் நான் இல்லை.

திட்டினாலும் பரவாயில்லை, பதில் எழுது.

தங்கை


மார்ச் 19

தங்கச்சி,

இது சண்டைக் கடிதம் இல்லை. சண்டை போட இப்போது தெம்பு இல்லை.

ஏஜென்சியில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். 28ஆம் தேதி காலை ரயிலில் கிளம்பி, மறுநாள் துறைமுகத்தில் கப்பலில் சேர வேண்டும். ஒன்பது மாதம். வெளிச்சக்காரருக்குச் சொல்லிவிட்டேன். வருத்தப்பட்டார், உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். நீ செய்தது சரி என்று உன் அண்ணி சொல்கிறாள். என்னிடம் அவள் பேசிய கடைசி நல்ல வார்த்தை அதுதான்.

ஏன் பேசுவதில்லை என்றால், போகிற நேரத்தில் வீட்டில் வேறு ஒரு கூத்து. செப்டிக் டேங்க் மக்கர் செய்கிறது. இரண்டு வாரமாக வீட்டுக்குள் மூக்கைத் திறக்க முடியவில்லை. குளியலறையில் தண்ணீர் ஊற்றினால் உள்ளே போகாமல் என்னைப் பார்த்து நிற்கிறது. "கப்பலுக்குப் போறதுக்கு முன்னாடி இதுக்கு ஒரு வழி பண்ணிட்டுப் போங்க. இந்த நாத்தத்துல என்னையும் பிள்ளையையும் உட்கார வெச்சிட்டுப் போகாதீங்க" என்று சொல்லிவிட்டு உன் அண்ணி வாயை மூடிக்கொண்டாள். மூக்கையும்தான்.

டேங்க் எடுக்கிற லாரிக்காரர் வந்து மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "சார், இதுல எதுவுமே மக்கல. போட்டது போட்டபடி கிடக்கு. உள்ள ஆசிட் கீசிட் ஊத்துனீங்களா?" என்று கேட்டார். நான் எதற்கு ஆசிட் ஊற்றப் போகிறேன்? எண்ணெயின் அடியில் தங்குகிற அழுக்கைத்தான் குளியலறை வழியாக விடுகிறேன். அதுவும் அடைத்துக்கொள்ளாமல் இருக்க வெந்நீர் விட்டுத்தான்.

அந்த அழுக்கு ஒரு தனித் தொல்லை. கப்பலில் எண்ணெய்த் தொட்டியின் அடியில் தங்குவதை எல்லாம் வடித்து எடுத்த பிறகுதான் இன்ஜினுக்கு விடுவோம். அந்தச் சகதி கொஞ்சம் உள்ளே போனாலும் இன்ஜின் நடுக்கடலில் படுத்துவிடும். அந்தப் பழக்கத்தில் ஜனவரியில் ஒரு பழைய பிரிட்ஜ் வாங்கி, எண்ணெயை அதில் குளிர வைத்து வடிகட்ட ஆரம்பித்தேன். கற்கண்டு மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கிண்ணம் கிண்ணமாக இறங்குகிறது. ஓமத்தில் இவ்வளவு அழுக்கு இருக்கும் என்று யார் கண்டது? தொட்டால் கை எரிகிறது, விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துவிட்டது. மூன்றாவது பாட்டிலுக்கு அந்த வெள்ளை வருவது நிற்கும்வரை விடாமல் வடித்தேன். அவ்வளவு பாடுபட்டும் ஒன்பதுதான் வந்தது என்றால் என்ன செய்வது? எனக்குக் கொடுப்பினை இல்லை.

நான் போன பிறகு அண்ணியிடம் அடிக்கடி பேசு. குட்டியிடம் இன்னும் சொல்லவில்லை. ஆனால் பரணிலிருந்து சூட்கேஸ் இறங்கியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அழவில்லை. குளியலறைக்குப் போய் என் பல் துலக்கும் பிரஷை எடுத்துவந்து, தானாகவே பெட்டிக்குள் வைத்தாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அண்ணன்


மார்ச் 23
கூரியரில்

அண்ணா,

அழுக்கா? அதற்குப் பெயர் அழுக்கா?

அதுதான் தைமால்! எங்கே போகிறது, எங்கே போகிறது என்று நான் இங்கே தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அது உன் குளியலறை வழியாகச் செப்டிக் டேங்குக்குப் போயிருக்கிறது. தைமால் அதிகம் உள்ள எண்ணெய் குளிர்ந்தால் அது கெட்டியாகிப் படிகமாக அடியில் இறங்கும். அதைப் பிரிட்ஜில் வைத்து, பிடித்து, வடித்து, வெந்நீர் ஊற்றி வழியனுப்பி வைத்திருக்கிறாய். வாழைப்பழத்தை வீசிவிட்டுத் தோலைத் துடைத்துப் பளபளப்பாக்கி எனக்கு அனுப்பியிருக்கிறாய். அதைத்தான் அந்த வெளிச்சக்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மெச்சியிருக்கிறார். அவர் அந்த இன்னொரு கண்ணையும் திறந்து வைத்திருக்கலாம்.

செப்டிக் டேங்குக்குள் வேலை செய்வதே கிருமிகள்தான். நாம் போடுவதைத் தின்று கரைப்பது அவைதான். அத்தனை பேரையும் ஒட்டுமொத்தமாகத் தீர்த்துக்கட்டிவிட்டாய். நான் இங்கே உள்ளங்கை அகலத் தட்டில் சோதனை செய்துகொண்டிருக்கிறேன், நீ அங்கே வீட்டளவு தட்டில் செய்திருக்கிறாய். அதில் உன் எண்ணெய் பிரமாதமாகத் தேறியிருக்கிறது.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வருகிறது. அத்தனை கேள்வி கேட்டேனே, எண்ணெயைப் பிரிட்ஜில் வைத்து வடிகட்டினாயா என்று கேட்கத் தோன்றவில்லை. டிசம்பர் பாட்டிலின் அடியிலும் கொஞ்சம் வெள்ளையாகத்தான் இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் நிற்க வைத்தேன், கரைந்துவிட்டது, வேலையைப் பார்த்தேன். இங்கே எல்லோரும் செய்வது என்பதால் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைக்கவே இல்லை. நீயும், சுத்தம் சுத்தம் என்று கடிதத்துக்குக் கடிதம் பெருமை அடித்தாயே தவிர, என்ன சுத்தம் என்று ஒரு வரி எழுதினாயா?

உனக்கு நேற்று போன் செய்தேன், வழக்கம்போல நீ எடுக்கவில்லை. அண்ணியிடம் சொன்னேன்.  அவர், "அப்ப இத்தனை நாளா வீட்டுல அடிச்ச நாத்தம் உங்க அண்ணனோட சுத்தமா?" என்று கேட்டார். 

கொட்டகையில் வடிகட்டாத எண்ணெய் இருக்கும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, அடியில் இருப்பது முழுக்கக் கரைந்த பிறகு குலுக்கி ஊற்றி அனுப்பு. வெறும் கையால் அந்தப் படிகத்தைத் தொடாதே. இனி ஒரு சிட்டிகைகூடக் கீழே போகக் கூடாது.

இப்போது கஷ்டமான விஷயம். முடிவு வர ஏப்ரல் முதல் வாரம் ஆகிவிடும். நீ கிளம்புவது 28. கிருமி வளர எடுத்துக்கொள்ளும் நேரத்தை நான் அதட்டிக் குறைக்க முடியாது. தேறும் என்று இப்போதே எழுதித் தரவும் மாட்டேன். பக்கத்து மேஜைக்காரி அளந்த பிறகுதான் தருவேன். அது அறிக்கை.

அறிக்கைக்கு வெளியே உன் தங்கச்சியாகச் சொல்கிறேன். போகாதே.

தங்கை


ஏப்ரல் 6

அண்ணா,

வட்டம் முப்பத்தொன்று. தைமால் பாதிக்கு மேல். இரண்டு பேர் தனித்தனியாக அளந்தார்கள். அறிக்கையில் கையெழுத்துப் போட்டுக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன். மேலாளர் மறுபடியும் எழுந்து வந்தார். சென்ட் பாட்டில் என்று சொன்னதை அவர் மறந்துவிட்டார், நான் மறக்கவில்லை.

வெளிச்சக்காரர் எனக்கே போன் செய்தார். "எல்லாம் சரி மேடம், ஆனா அடியில வெள்ளையா ஏதோ தங்குதே?" என்றார். அந்த வெள்ளைக்காகத்தான் சார் நீங்கள் வாங்குகிறீர்கள் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். பொறுமையாக என்றால், மூன்றாவது தடவை சொல்லும்போது கொஞ்சம் சத்தம் கூடிவிட்டது. கடைசியில் ஒப்புக்கொண்டார். ஆறு மாதத்துக்கு உன்னிடம் வாங்குவார்கள். அதற்குப் பிறகு அவர்களின் மருந்து கடையில் ஓடுவதைப் பொறுத்து. ஒவ்வொரு முறையும் அறிக்கை வேண்டும்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். 28ஆம் தேதி காலையில் போனவன் அன்று சாயங்காலமே திரும்பி வந்துவிட்டாய் என்று அண்ணி சொன்னார். ஏன் என்று கேட்டால், "அவரையே கேளு, என்கிட்ட சொல்ல மாட்டேங்கிறார்" என்கிறார். உனக்குப் பைத்தியமா? முடிவு வரவே இல்லையே! இது தேறாமல் போயிருந்தால் என்ன செய்திருப்பாய்? ஏஜென்சிக்கு என்ன சொன்னாய்? குடும்பஸ்தன் செய்கிற காரியமா இது? ராத்திரி எனக்குத் தூக்கமே போய்விட்டது.

தங்கை


ஏப்ரல் 13

தங்கச்சி,

போகாதே என்று எழுதியதும் நீ, ஏன் போகவில்லை என்று திட்டுவதும் நீ. உன்னோடு மல்லுக்கட்ட என்னால் முடியாது.

அறிக்கை கிடைத்தது. உன் அண்ணி அதைப் படித்துப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினாள். முப்பத்தொன்று என்பது அவளுக்குப் போதவில்லை. "டேங்க்ல பண்ணின மாதிரி முழுசா கொல்லலையா?" என்கிறாள். இனி என் ஆயுசுக்கும் இதுதான்.

டேங்க் சரியாகிவிட்டது. சுத்தமாக எடுத்துக் கழுவிவிட்டு, புதிதாகக் கிருமி பிடிக்க வேண்டுமென்றால் நன்றாக ஓடுகிற வேறு டேங்கிலிருந்து ஒரு வாளி எடுத்து ஊற்றுவது நல்லது என்று லாரிக்காரர் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டேன். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். காப்பிப்பொடி கேட்டிருக்கிறேன், ஏணி கேட்டிருக்கிறேன், இப்படி ஒன்றைக் கேட்பேன் என்று நானே நினைத்ததில்லை. கொடுத்தார், நல்ல மனிதர்.

ஏன் திரும்பினேன் என்று கேட்டாய். ரயிலில் உட்கார்ந்து உன் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். படிகம், வட்டம் எல்லாம் ஏற்கெனவே மண்டையில் ஏறிவிட்டது. நான் ரயிலை விட்டு இறங்கியது அதற்காக இல்லை. எண்ணெய் தேறும் என்று நானும் நம்பவில்லை, உண்மையைச் சொல்கிறேன். கடைசி வரியில் போகாதே என்று எழுதியிருந்தாய். பதினோரு வருஷத்தில் நான் எத்தனை தடவை கிளம்பியிருக்கிறேன்! ஒவ்வொரு தடவையும் எல்லோரும் உதவியாகத்தான் இருந்தீர்கள். உன் அண்ணி துணி மடிப்பாள், நீ வண்டி பிடித்துத் தருவாய், இப்போது குட்டி பிரஷ் எடுத்து வைக்கிறாள். யாரும் ஒரு தடவைகூடப் போகாதே என்று சொன்னதில்லை. சொல்லிவிட்டால் எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். யாராவது சொல்ல மாட்டார்களா என்று நான் காத்திருந்தேன் என்பது அன்றைக்கு ஜன்னலோரத்தில்தான் எனக்கே புரிந்தது. அடுத்து வண்டி நின்ற இடத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

நடைமேடையிலிருந்து ஏஜென்சிக்காரருக்குப் போன் செய்தேன். "இனிமே எந்தக் கம்பெனி கப்பல்லயும் உங்களை எடுக்க மாட்டாங்க சார், தெரிஞ்சுதான் பேசறீங்களா?" என்றார். தெரிந்துதான் என்றேன்.  திரும்பி வருகிற வழியெல்லாம் பயம்தான். அதை உன் அண்ணியிடம் எப்படிச் சொல்வது? அதனால்தான் சொல்லவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் குட்டி முதலில் சூட்கேஸைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "லீவா? எத்தனை நாள்?" என்று கேட்டாள். லீவு இல்லை, இனிமேல் இங்கேதான் என்றேன். நம்பவில்லை. மறுநாள் காலையில் கண்ணைத் திறந்ததும் அதே கேள்வி. அதற்கு மறுநாளும். கொட்டகைக்கு வந்து நின்று கேட்பாள், சாப்பிடும்போது கேட்பாள். எனக்கு அலுத்துப்போய், "எத்தனை தடவைம்மா சொல்றது, போகல போகல போகல" என்று ஒருநாள் கத்தியேவிட்டேன். அவள் அசரவில்லை. விடிந்ததும் மறுபடி கேட்டாள்.

நேற்று கேட்கவில்லை. காலையில் எழுந்தாள், பல் துலக்கினாள், டிவி முன்னால் போய் உட்கார்ந்தாள். மறந்திருப்பாள், ஞாபகம் வந்ததும் கேட்பாள் என்று நானாகவே அவள் எதிரில் போய்க் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தள்ளுப்பா, மறைக்குது" என்றாள்.

அண்ணன்